காரை விட்டு இறங்கியவர்

உறவுகளே, மாமாவின் நண்பர்களே, அவர் கையால் வண்டி பழுது பார்த்துக்கொண்டவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மை விட்டுப் போன மாமாவைப் பற்றிப் பேசு என்றதும், எனக்கு முதலில் கண்முன் வந்தது அவருடைய நீளமான ஸ்க்ரூடிரைவர். ஓடுகிற இன்ஜின் மேல் அதன் நுனியை வைப்பார். மரக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்கும் நாங்கள் வாய் திறக்கமாட்டோம். நுனியைக் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி கேட்பார். அப்புறம், "மூணாவது சிலிண்டர் மாப்ளே, டாப்பெட் லூஸா இருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அதேதான். அந்தக் காது ஒரு நாளில் வந்ததில்லை. விடிவதற்குள் ஷட்டரைத் தூக்கி, இரவு கடைசி ஸ்பேனரைத் துடைத்து மாட்டிவிட்டுக் கிளம்பியே பழகிய மனிதர் அவர்.

கார் ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒர்க்‌ஷாப் பூட்டியிருக்கும். டிவி முன்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ரேஸில் ஓட்டுநர்களுக்குக் காட்டுகிற கொடிகளைச் சொல்லிக்கொடுப்பார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கொடி பார்க்கக் கற்றுக்கொண்டாள். பிரான்ஸில் நடக்கிற லு மான் 24 மணி நேர ரேஸ் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். பிள்ளைகள் தூங்க வேண்டுமே என்று சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுவார். இன்ஜின் சத்தத்துக்காகவே உயிரை விடுகிற மனிதர், சத்தமில்லாமல் ரேஸ் பார்த்தார். அவருடைய பாசம் எப்படிப்பட்டது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. எல்லோரும் ஜெயித்தவரை எழுதுவார்கள். மாமா, பாதியில் நின்ற கார்களைத்தான் எழுதுவார். கியர்பாக்ஸ், பிரேக், இன்ஜின் என்று எதனால் நின்றது என்ற காரணத்தோடு. "ஏன் நின்னதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது ஓடும்" என்பார்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். வாடகை வேன் ஓட்டுகிற ஒருவருக்கு இன்ஜின் சீஸ் ஆகி, சுழலாமல் இறுகிவிட்டது. அந்த வேன்தான் அவர் வீட்டுக்குச் சோறு. மாமாவிடமும் அதே மாடல் வேன் ஒன்று இருந்தது. ஒரே ராத்திரியில் தன் வேனின் இன்ஜினைக் கழற்றி அவருடையதில் மாட்டினார். நானும் கூட நின்று போல்ட் முறுக்கினேன். அதன் பிறகு பல மாதம் சைக்கிளில்தான் வேலைக்கு வந்தார். அத்தை கேட்டபோது, "ஓடுற வண்டி அவன்கிட்ட இருக்கட்டும்" என்றதோடு சரி.

அதற்கு வெகு நாள் கழித்து, 1956-ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் நடந்த இத்தாலியன் கிராண்ட் பிரி என்கிற ஃபார்முலா 1 கார் பந்தயம் பற்றிச் சொன்னார். அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். ஃபெராரி அணியின் ஓட்டுநர் ஃபாஞ்சியோவுக்கு ஸ்டியரிங் பழுதாகி கார் போய்விட்டது. அணியில் இன்னொருவர் பீட்டர் காலின்ஸ், 24 வயது. அந்தப் பந்தயத்தில் ஜெயித்து உலக சாம்பியன் ஆகும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. ஒரே காரை இருவர் மாற்றி ஓட்டலாம் என்பது அன்றைய விதி. நடுவில் காரை நிறுத்திப் பழுது பார்க்கிற பிட்டுக்கு வந்த காலின்ஸ் தானாகவே இறங்கி, காரை ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து, அந்த வருடப் புள்ளிக் கணக்கில் உலக சாம்பியன் ஆனார். இரண்டே வருடத்தில், 1958-இல், காலின்ஸ் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். கடைசிவரை அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தழுதழுத்தது. வேன் இன்ஜினைக் கழற்றிய ராத்திரி எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதே 1958-இல் போர்ச்சுகலில், தகுதிநீக்கம் ஆக இருந்த தன் போட்டியாளர் ஹாத்தோர்னுக்காக ஸ்டிர்லிங் மோஸ் என்கிற ஓட்டுநர் தானே போய்ச் சாட்சி சொன்ன கதையையும் அடிக்கடி சொல்வார். அந்த வருடப் பட்டம் ஹாத்தோர்னுக்குப் போனது, 42 புள்ளிக்கு 41. மோஸ் அந்த ஒரு புள்ளியில் தோற்றார். "எவ்வளவு பெரிய மனுஷன் பார்த்தியா" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் அவர் கை பட்ட ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேன்காரரும் வந்திருக்கிறார், அதோ பின்வரிசையில்.

மாமாவின் நோட்டில் கடைசிப் பக்கத்தில், வரப்போகும் ரேஸின் தேதியை மட்டும் எழுதி வைத்திருந்தார். போன ஞாயிறு அந்த ரேஸ் நடந்தது. மகள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் அப்பாவின் பேனாவை எடுத்து, நின்றுபோன கார்களையும் காரணங்களையும் ஒவ்வொன்றாக எழுதினாள்.