கல்லில் ஏறாத கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் நுனாவுட் பகுதியில், பாஃபின் தீவின் தென்மேற்குக் கரையை ஒட்டி கிங்கைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கேப் டோர்செட் என்ற பெயர் போய், ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் வழங்கிவந்த பெயர் 2020இல்தான் அதிகாரபூர்வமானது. வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், அவ்வளவுதான். 1959இலிருந்து ஆண்டுதோறும் இங்கே அச்சோவியத் தொகுப்பு வெளியாகிறது.

கல்லில் செதுக்கி அச்சிடும் விதம் இது: ஓவியர் தாளில் வரைந்ததை ஊரின் கூட்டுறவுச் சங்கம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். அதில் தேர்ந்தெடுத்ததைக் கல் செதுக்குபவர் இடவலம் மாற்றிப் பலகைக்கல்லில் படியெடுப்பார். உருவம் மேடாக நிற்க, சுற்றிலும் உள்ளதைக் குடைந்தெடுப்பார். பிறகு சிறு உருளைகளால் மை பூசி, மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்து, மேலிருந்து கையால் தேய்ப்பார்கள். மை கூடினால் நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். குறைந்தால் வெள்ளைப் புள்ளி விழும். தேய்க்கையில் தாள் இம்மி நகர்ந்தாலும் விளிம்பு இரட்டையாகிவிடும். பெரும்பாலும் 50 பிரதிகள். அதன்பின் கல்லில் உள்ள உருவத்தை அழித்துவிடுவார்கள்.

இந்த முறைக்கு வாகானது பெரிய, திண்ணென்ற உருவம். இவ்வூர் ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக்கின் புகழ்பெற்ற ஆந்தை அப்படிப்பட்டதுதான். பின்புலமே இல்லாமல் வெற்றுத் தாளில் நிற்கும் பறவையும் விலங்குமே இனூயிட் கலை என்று வெளியுலகம் பழகிப்போனதில் கல்லுக்கும் பங்குண்டு என்பேன்.

1969இல் இவ்வூரில் பிறந்த ஆனி பூட்டுகுக், பாட்டி பிட்சியோலாக், தாய் நபாச்சி இருவரும் ஓவியர்களாக இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 1997 வாக்கில் வரையத் தொடங்கினார். பேனாவால் கோடு, கலர் பென்சிலால் நிறம்: கருவி அவ்வளவே. அவர் படத்தில், தரையில் அட்டை விரித்து, சுற்றி அமர்ந்து சீல் என்னும் கடல்விலங்கின் இறைச்சி அறுத்துத் தின்னும் குடும்பம். அதே அறையில் டிவி, சுவரில் கடிகாரம், மின்சார சுவிட்ச். குடியையும், மனைவியை அடிக்கும் கணவனையும் அதே நிதானமான கோட்டில் வரைந்தார். இத்தனை பொடிப் பொருள்களைக் கல்லில் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் அச்சுக்கான முன்வரைவாக இருந்த பென்சில் படம், இவர் கையில் தானே முழுப் படைப்பாயிற்று.

2006இல் கனடாவின் சோபி கலை விருது, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமென்டா என்னும் சமகாலக் கலைக் கண்காட்சி. 2016இல் ஒட்டாவாவில் இறந்தார். அவருடைய உறவுக்காரர் ஷுவினாய் அஷூனாவும் பேனா, கலர் பென்சில்காரர்தான். ஊர்த் தெருவையும் கடற்பூதத்தையும் ஒரே தாளில் நெருக்கி வரைபவர். 2022இல் வெனிஸ் பினாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நடுவர்களின் சிறப்புக் குறிப்பைப் பெற்றார்.