வாடகை ஸ்லீப்பிங் பேக்கும் சொந்த உள்ளுறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கேதார்நாத், முக்திநாத் என்று யாத்திரை கிளம்புகிறவர்களும் சரி, விடுமுறையில் உத்தராகண்டுக்கோ நேபாளத்துக்கோ ட்ரெக்கிங் போகிற இளைஞர்களும் சரி, புறப்படுவதற்கு முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஷூவைப் பற்றியும் ஜாக்கெட்டைப் பற்றியும்தான். ராத்திரி எதற்குள் படுக்கப் போகிறோம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால் இன்று எனக்குக் கிடைத்த நேரத்தை, ஸ்லீப்பிங் பேக்குக்கு, அதாவது குளிரில் உள்ளே நுழைந்து படுக்கும் தூக்கப் பைக்கு, உள்ளே போடும் லைனருக்கே ஒதுக்கிக்கொள்கிறேன்.

லைனர் என்பது மெல்லிய துணியில் ஆள் நீளத்துக்குத் தைத்த ஒரு பை. தலைமாட்டில் திறந்திருக்கும். அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் விரித்துவிட்டு, நாம் அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும். தலையணைக்கு உறை போடுகிறோமே, அதே வேலைதான்.

இது ஏன் அவசியம் என்று கேட்டால், மலையடிவாரத்தில் வாடகைக்குத் தரும் ஸ்லீப்பிங் பேக்கை நினைத்துப் பாருங்கள். சீசன் முழுக்க அது ஆள் மாற்றி ஆள் படுத்த பை. காலையில் ஒரு குழு இறங்கி வரும், மறுநாள் அதே பை அடுத்த குழுவோடு மேலே ஏறும். நடுவில் வெயிலில் உதறிக் காயப்போட்டிருந்தாலே பெரிய விஷயம். வாடகைக்குத் தருபவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வாத்தின் மென்தூவி அடைத்த பையைத் துவைப்பது லேசான காரியமில்லை. நனைந்தால் தூவி கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பெரிய டிரையரில் குறைந்த சூட்டில் மணிக்கணக்காகச் சுழலவிட்டு, நடுநடுவே கட்டிகளை உதிர்த்துவிட வேண்டும். மலைக் கிராமத்தில் அதற்கெல்லாம் எங்கே போவது? துவைக்காமல் விட்டாலும் கஷ்டம். வேர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் ஏற ஏறத் தூவி உப்புவது குறையும். உப்பாத தூவியில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. அதனால்தான் சொந்தமாக விலை உயர்ந்த பை வைத்திருப்பவருக்கும் லைனர் வேண்டும் என்கிறேன். பையை அடிக்கடி துவைக்க முடியாது, லைனரை வீட்டு வாளியில் துவைத்துவிடலாம்.

ட்ரெக்கிங் போகாதவர்களுக்கும் இது உதவும். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் அங்கே இரவு நடுக்கும். வாடகைக் கூடாரங்களில் ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வை தருவார்கள். அதற்கு முன் அதைப் போர்த்தியவர்கள் எத்தனை பேரோ! லைனருக்குள் படுத்து ரஜாயை மேலே இழுத்துக்கொண்டால் நிம்மதி. ரயிலிலும் அப்படித்தான். ஏசி பெட்டியில் தரும் கம்பளியை மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம் என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் பதில் சொன்னார். கம்பளிக்கு உறையாகப் போடக் கூடுதலாக ஒரு விரிப்பு தருவதும் அதற்காகத்தான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக் குடில்களில் பெரும்பாலும் கம்பளி அவர்களே தருவார்கள், உள்ளே போடும் பை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அது இல்லாமல் படுக்க விடமாட்டார்கள். நம் மலை முகாம்களிலும் இந்த வழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து சூடு. கடையில் லைனர் உறையின் மேல் 8 டிகிரி கூட்டும், 14 டிகிரி கூட்டும் என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கோடு பனிக்குப் போய்விடாதீர்கள். ஸ்லீப்பிங் பேக்கை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. சூடேற்றிய பொம்மை மனிதனைக் குளிர் அறையில் அந்தப் பைக்குள் படுக்கவைத்து, எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளந்து கணக்கிடுவார்கள். அதில் வரும் வெப்பநிலை எண்களில் நீங்கள் பார்க்க வேண்டியது ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருப்பதை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது தூங்குவதற்கான எண் அல்ல, உயிர் பிழைத்திருப்பதற்கான எண். லைனர் மேல் போட்டிருக்கும் டிகிரிக்கு இந்த மாதிரிச் சோதனை கட்டாயம் இல்லை, அது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. மெல்லிய பட்டு லைனர் 2, 3 டிகிரி உதவும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். குளிர் தரையிலிருந்தும் ஏறும். நம் எடையில் அடிப்பக்கத் தூவி நசுங்கிப்போவதால் அங்கே ஸ்லீப்பிங் பேக்கே அதிகம் காக்காது. அந்த இடத்தில் நல்ல பாய்தான் வேலை செய்யும், லைனர் அல்ல.

சரி, எந்தத் துணி? இமயமலைக்கு என்றால் என் முதல் தேர்வு பட்டு. 120 முதல் 150 கிராம்தான் இருக்கும், மடித்தால் ஜாக்கெட் பாக்கெட்டில் அடங்கிவிடும். இது கல்யாணப் புடவைப் பட்டு அல்ல, மிக மெல்லிய நெசவு. வழுக்கிக்கொண்டு உள்ளே போகலாம், புரண்டு படுத்தாலும் துணி உடம்போடு முறுக்கிக்கொள்வது குறைவு. ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் காய்ந்தும்விடும். விலைதான் இடிக்கும், சில ஆயிரம் ரூபாய் ஆகும். அப்புறம் துவைப்பதில் கவனம் வேண்டும். பட்டு ஒரு புரதம். கறையைக் கரைக்க என்சைம் சேர்த்த சலவைத்தூள் பட்டு இழையையும் அரித்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி, பிழியாமல், நிழலில் உலர்த்துங்கள். பட்டுப்புடவை வைத்திருக்கும் வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பருத்தி நம் ஊருக்கு ஏற்றது. ஏற்காடு, ஏலகிரி, கடற்கரை முகாம், ஹாஸ்டல், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் படுப்பது, எல்லாவற்றுக்கும் அது போதும். வெயில் காலத்தில் ஸ்லீப்பிங் பேக்கே வேண்டாம், பருத்தி லைனருக்குள் மட்டும் படுத்துவிடலாம். ஆனால் பனி மலைக்குப் பருத்தியை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். வேர்வையோ கூடாரத்துச் சுவரில் வழியும் ஈரமோ பட்டால் அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அங்கே காயவும் காயாது. பட்டு கட்டுப்படியாகாதவர்கள் பாலியஸ்டர் வாங்கலாம். சீக்கிரம் உலரும், முரட்டுத்தனமாகத் துவைக்கலாம், வாடைதான் சீக்கிரம் பிடிக்கும். ஃபிளீஸ் என்ற மொசுமொசுப்பான செயற்கைத் துணி உண்மையாகவே சூடு தரும், ஆனால் எடையும் அதிகம், இடமும் அடைக்கும். கோவேறு கழுதை சுமக்கிற பயணம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லைனரையும் மூட்டைப்பூச்சியைத் தடுக்கும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

வடிவத்தையும் பாருங்கள். கால் பக்கம் குறுகும் மம்மி ஸ்லீப்பிங் பேக்குக்குள் அகலமான செவ்வக லைனரைத் திணித்தால் உபரித் துணி முதுகுக்குக் கீழே சுருண்டு உறுத்தும். முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களுக்கும், ராத்திரி அடிக்கடி எழுந்து வெளியே போக வேண்டியவர்களுக்கும் பக்கவாட்டில் திறக்கும் லைனர்தான் சரி. மேலே மட்டும் திறப்பு உள்ளதிலிருந்து இருட்டில், குளிரில், அவசரமாக வெளியே வருவது பெரும்பாடு. முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். மூச்சின் ஈரம் முழுக்கப் பைக்குள் இறங்கி, விடியற்காலையில் குளிரும்.

இவ்வளவு செலவு செய்ய மனமில்லை என்றால் நம் மலைகளுக்கு வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். ஒரு எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்தால் ஏறக்குறைய 6 அடி நீளம் வரும். மடிப்பு கால் பக்கம். ஒரு ஓரத்தை முழுக்கத் தையுங்கள், மறு ஓரத்தைக் காலிலிருந்து இடுப்பு வரை மட்டும் தைத்து மேலே திறந்து விடுங்கள். சராசரி உயரமுள்ளவருக்குக் கழுத்துக்கு மேலேயே எட்டும், புரளவும் இடம் இருக்கும். அகலம் அதிகமாகத் தெரிந்தால் உள்ளே இன்னொரு தையல் ஓட்டிக்கொள்ளலாம். தையல்காரரிடம் கொடுத்தாலும் சிறிய வேலைதான். புது வேட்டி என்றால் முதலில் இரண்டு தடவை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டுத் தையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும், மொடமொடப்பில் தூக்கமும் வராது. பயணத்துக்கு முன் வீட்டில் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதற்குள் படுத்து, எழுந்து பாருங்கள். எந்தப் பக்கம் திறப்பு வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும், தையலைப் பிரித்து மாற்றிக்கொள்ள அவகாசமும் இருக்கும்.

வணக்கம்.