மேடை கிடைக்காத நாடகாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் ஆங்கிலக் கவிதை படித்தவர்களுக்கு ஹவுஸ்மன் என்றதும் ஏ.ஈ. ஹவுஸ்மன்தான் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது அவருடைய தம்பி லாரன்ஸ் ஹவுஸ்மனைப் பற்றி. படம் வரைந்தார், தேவதைக் கதை எழுதினார், நாடகம் எழுதினார், பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதினார், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கினார். 1865இல் பிறந்து 1959இல் காலமானார், 93 வயது. அண்ணன் பெயர் நின்றுவிட்டது. தம்பியை இங்கிலாந்திலேயே அதிகம் பேர் மறந்துவிட்டார்கள்.

ஒருவர் பல துறைகளில் கால் வைத்தால், அவருக்குத் திறமை பொங்கி வழிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவர் விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பக்கம் அடைத்தார்கள், இன்னொரு பக்கமாகப் புகுந்தார். திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது.

வூஸ்டர்ஷயரில் பிராம்ஸ்குரோவ் என்ற சிற்றூர்க்காரர். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டார். அக்கா கிளெமன்ஸும் இவரும் ஒட்டிக்கொண்டே வளர்ந்தார்கள், இருவரும் சேர்ந்தே ஓவியம் படிக்க லண்டனுக்குப் போனார்கள். கடைசிவரை இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இந்த அக்காவைச் சொல்லாமல் தம்பியின் கதையைச் சொல்ல முடியாது.

அக்காவின் தொழில் மரச்செதுக்கு. அந்தக் காலத்தில் புத்தகத்தில் படம் வரவேண்டுமென்றால் ஒருவர் வரைவார், இன்னொருவர் அதைக் கெட்டியான மரக்கட்டையில் செதுக்குவார். ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள், மேடாக நிற்கிற இடத்தில் மட்டும்தான் மை ஒட்டும். ஆகவே காகிதத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய அத்தனை இடத்தையும் உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு பெண்ணின் கூந்தலில் இருபது இழை வரைந்திருந்தால், இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கிற மரத்தைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கை ஒரு முறை நழுவினால் இழை போச்சு. தம்பி தன் கதைகளுக்குத் தானே படம் வரைவார், அக்கா செதுக்குவார். 1898இல் வந்த ‘தி ஃபீல்டு ஆஃப் க்ளோவர்’ அப்படி வந்த புத்தகம். கிளெமன்ஸும் கதை எழுதியவர்தான். அவருடைய ‘தி வேர்-வுல்ஃப்’ என்ற ஓநாய்க் கதைக்குத் தம்பி படம் போட்டுக் கொடுத்தார்.

அதற்கும் முன்பே, 1893இல், கிறிஸ்டினா ரோசெட்டியின் ‘காப்ளின் மார்க்கெட்’ கவிதைக்கு லாரன்ஸ் வரைந்த படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்திருந்தன. ஒடுக்கமான, உயரமான புத்தகம். பழம் விற்கிற குட்டிச் சாத்தான்கள் பக்கம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் இரண்டு இடி. புகைப்பட முறையில் அச்சுக்கான பிளாக் செய்வது பரவியதும் அக்காவின் தொழில் படுத்துவிட்டது. இவருக்கோ கண் பார்வை மங்கத் தொடங்கியது. அவ்வளவு நுணுக்கமாக இனி வரைய முடியாது. சரி என்று எழுத்துப் பக்கம் வந்தார்.

வந்தவர் நாடகம் எழுதினார். இனி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர் நாடகக் குழுவில் கிடந்தவனுக்கு இந்தக் கதை சலிக்கவே சலிக்காது.

அன்றைய இங்கிலாந்தில் புது நாடகம் எதையும் மேடையேற்றும் முன் லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்குப் பிரதியை அனுப்ப வேண்டும். 1737ஆம் ஆண்டுச் சட்டம் அது. அவர் உரிமம் தந்தால்தான் திரை உயரும். இதே ஆங்கிலேயர்கள்தான் 1876இல் இங்கேயும் ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். லண்டனில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் மேடைக்கு மட்டும்தான், புத்தகத்துக்கு இல்லை. தடை வாங்கிய நாடகத்தை அச்சடிக்கலாம், விற்கலாம், வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கலாம். வேஷம் கட்டிக்கொண்டு டிக்கெட் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

1902இல் ஹவுஸ்மன் ‘பெத்லஹேம்’ எழுதினார். இயேசு பிறந்த கதை. தொழுவம், மேய்ப்பர்கள், மாதா, குழந்தை. கிறிஸ்துமஸ் வந்தால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடிக்கிற அதே கதை. உரிமம் இல்லை! திருக்குடும்பத்தை மேடையில் காட்டக் கூடாதாம். பக்தியோடு எழுதியதற்கே தடை என்றால் என்ன செய்வது? பொது டிக்கெட் இல்லாமல் தனிக் காட்சியாகப் போட்டார்கள். இயக்கியவர் எட்வர்டு கோர்டன் கிரேக், பின்னாளில் உலக நாடக மேடையின் தோற்றத்தையே மாற்றியவர்களில் ஒருவர்.

அடுத்து ராணி கரோலின் கதை. நான்காம் ஜார்ஜ் தன் மனைவியை விலக்கிவைக்க 1820இல் நாடாளுமன்றத்தில் விசாரணையே நடத்தினார். மறு ஆண்டு அவர் முடிசூட்டு விழாவுக்கு அந்த அம்மாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி வாசலுக்கு வந்தபோது உள்ளே விடாமல் கதவை அடைத்தார்கள். சில வாரங்களில் இறந்தும் போனார். எல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் உள்ள சங்கதி. ஆனாலும் அந்த நாடகத்துக்கும் உரிமம் இல்லை. மறுபடியும் தனிக் காட்சி, 1911இல். நான் சொன்னதை மறக்க வேண்டாம்: புத்தகமாகப் படிக்கலாம், மேடையில் பார்க்கக் கூடாது.

மூன்றாவதுதான் பெரியது. விக்டோரியா மகாராணியின் வாழ்க்கையைச் சின்னச் சின்ன நாடகங்களாக எழுதி, 1934இல் ‘விக்டோரியா ரெஜினா’ என்று வெளியிட்டார். படம் போட்டவர் ஈ.ஹெச். ஷெப்பர்டு. ஆமாம், கரடிக்குட்டி வின்னி த பூவை வரைந்தவரேதான். அதில் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணமான புதிது. ஆல்பர்ட் இளவரசர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருக்கிறார். ஒரு பேரரசுக்கே ராணி, ஆனால் ஆண் ஒருவர் சவரம் செய்து பார்த்ததே இல்லை. விக்டோரியா குழந்தை மாதிரி வேடிக்கை பார்க்கிறார். கிண்டலே கிடையாது, பிரியம்தான். இதற்கும் தடை. ஆளும் மன்னர் அவருடைய பேரன் அல்லவா, பாட்டியை மேடையில் காட்டலாமா?

லண்டனில் கேட் தியேட்டர் என்ற சிறு அரங்கில், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று 1935இல் போட்டார்கள். ஆல்பர்ட்டாக நடித்த இளைஞர் வின்சென்ட் பிரைஸ், பிற்காலத்தில் பேய்ப் படங்களில் பயமுறுத்தினாரே, அவர்! அதே ஆண்டு டிசம்பரில் நாடகம் நியூயார்க் போனது. விக்டோரியாவாக ஹெலன் ஹேஸ். 517 முறை மேடையேறியது. அமெரிக்கா முழுக்க இங்கிலாந்து ராணியின் நாடகத்தைக் கொண்டாடுகிறது, லண்டனில் அதைப் பொது மேடையில் போட முடியவில்லை. அடுத்து வந்த மன்னர் எட்டாம் எட்வர்டு சம்மதித்த பிறகு, விக்டோரியா அரியணை ஏறி நூறு ஆண்டு நிறைந்த 1937 ஜூனில்தான் லிரிக் தியேட்டரில் திரை உயர்ந்தது. ஹவுஸ்மனுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் அதிகம் தடை வாங்கிய நாடகாசிரியர் என்று பெயர். அந்தத் தணிக்கை 1968வரை உயிரோடு இருந்தது.

என் கணிப்பு ஒன்று. பெரிய மேடை கிடைக்காததால்தான் அவர் குட்டி நாடகத்தில் கைதேர்ந்தார். அசிசியின் பிரான்சிஸ் என்ற கிறிஸ்தவப் புனிதரைப் பற்றி அவர் எழுதிய சிறு நாடகங்களைக் கல்லூரி மாணவர்களும் அமெச்சூர் குழுக்களும் போட்டுத் தீர்த்தார்கள். நாலு பேர், ஒரு பெஞ்சு, அரை மணி நேரம் இருந்தால் போதும். செலவுக்குக் காசில்லாத குழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்காவுக்குத் திரும்புவோம். செதுக்கு வேலை போன கைகளுக்கு வேறு வேலை வந்தது. 1909இல் லண்டன் கென்சிங்டனில் ‘சஃப்ரேஜ் அட்டிலியே’ என்ற பட்டறை தொடங்கியது. ஓட்டுரிமைப் போராட்டத்துக்கான சுவரொட்டிகளும் பதாகைகளும் அங்கே தயாராகின. தம்பி வரைவார், அக்கா தைப்பார். 1911இல், ஓட்டு இல்லாதவள் வரியும் கட்டமாட்டேன் என்று கிளெமன்ஸ் நின்றார். வீட்டு வரி பாக்கி நாலு ஷில்லிங் சொச்சம். அதற்காக ஹாலோவே சிறையில் போட்டு, ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பெண்கள் புறக்கணித்தார்கள். எங்களை மனிதராகக் கணக்கில் கொள்ளாத அரசுக்கு எங்கள் தலைக்கணக்கு எதற்கு என்பது வாதம். அந்த இரவு ஹவுஸ்மன் வீட்டில் ஒரு கூட்டம் பெண்கள் வந்து தங்கினார்கள். படிவத்தில் அவர் எழுதியதன் சாரம்: பெண்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், பெயர் தெரியாது, எண்ணிக்கை தெரியாது, வயதும் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், நேரம் ஓடிவிட்டது. காந்தியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் வந்ததும் ஃபிரெண்ட்ஸ் ஹவுஸில் நடந்த வரவேற்புக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஹவுஸ்மன்தான். நீங்கள் இவ்வளவு நேர்மையாக இருப்பதால்தான் எங்களில் சிலருக்குச் சந்தேகமே வருகிறது என்று காந்தியிடம் அவர் பேசினார். 1945இல் சமாதான இயக்கத்தார் அவர் பெயரில் ஒரு புத்தகக் கடை தொடங்கினார்கள். இன்றைக்கும் லண்டனில் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது.

‘தி புளூ மூன்’ தொகுப்பில் உள்ள சீனத்துக் கதையை முழுதாகச் சொல்லத்தான் குறித்துக்கொண்டு வந்தேன். ஓவியப் பட்டறையில் தரை பெருக்குகிற சிறுவன் டிக்கிபு. மற்றவர்கள் எரித்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளை வைத்துக்கொண்டு இரவில் திருட்டுத்தனமாக வரையப் பழகுகிறான். சுவரில் ஒரு பழைய ஓவியம், அதில் ஒரு வீடு. வரைந்த ஓவியரே முந்நூறு வருடத்துக்கு முன் அந்தப் படத்துக்குள் நடந்து போய்விட்டாராம். ஒரு நாள் அவரே வெளியே வந்து சிறுவனின் கையைப் பிடித்து... இல்லை, மணி அடித்துவிட்டார்கள். மீதியை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.