கேட்டே படிக்கிற பிள்ளை

வணக்கம் நேயர்களே. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் 'அரியர்' என்ற சொல் உங்கள் காதில் விழாமல் இருக்காது. ஒன்றிரண்டு என்றால் சரி, எழுதிவிடுவார்கள். ஆனால் வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு செமஸ்டரும் அரியர் ஏறிக்கொண்டே போனால்? சோம்பேறி, செல்போனைக் கீழே வைப்பதில்லை என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவதிலும், அதை வேகமாகச் செய்வதிலும்தான் சிக்கல். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, வளர்ந்தால் போய்விடும் என்பார்கள். போகாது.

கல்லூரிக்கு வந்த பிறகு ஏன் வெளியே தெரிகிறது என்று கேட்பீர்கள். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் பிடிபட்டுவிடும். தமிழ் வழியில் படித்த பிள்ளை மெதுவாக எழுத்துக்கூட்டி, மீதியை மனப்பாடம் செய்து பிளஸ் டூவைத் தாண்டிவிடும். ல, ள, ழ தகராறை யார் கண்டுகொள்கிறார்கள், நமக்கே அது தகராறுதானே! கல்லூரியில் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். டஃப் (tough), தோ (though), த்ரூ (through), இந்த மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றே, ஒலி மட்டும் வேறு வேறு. அங்கேதான் பிள்ளை விழுகிறது.

நான் பி.காம். வகுப்புக்குப் பாடம் நடத்தியவன். ஒரு பையன் இருந்தான். காஸ்டிங்கில், அதாவது அடக்க விலை போடும் பாடத்தில், எந்தக் கணக்கைக் கேட்டாலும் நின்றபடியே வழி சொல்லுவான், எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நின்றுவிடுவான். அவனைப் பற்றி விடுதிப் பையன்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். "இவன் புத்தகத்தையே தொட மாட்டான் சார், நாங்க சத்தம்போட்டுப் படிக்கும்போது பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்பான், காலையில எங்களுக்கே சந்தேகம் தீர்த்து வைப்பான்." புகார் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். எனக்கோ விஷயமே அதில்தான் இருந்தது. காதால் கேட்டால் அவனுக்கு எல்லாம் ஏறுகிறது, ஆனால் தேர்வு அறையில் கேள்வித்தாளை வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்? கேள்வியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். பிறகு அவன் பெற்றோரை வரவழைத்து, பரிசோதனைக்கு அனுப்பினோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, என் சக ஆசிரியர்களுக்கு இது தெரியும். பாடக் குறிப்பை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள்! செல்போனில் எழுத்தைச் சத்தமாக வாசித்துக்காட்டும் வசதி இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். வரி சாய்ந்தும் மங்கியும் இருந்தால் எந்தச் செயலியும் ஒழுங்காக வாசிக்காது. டைப் செய்த கோப்பாகவே கொடுங்கள், பிள்ளை கேட்டுப் படித்துக்கொள்ளும். மறுபடியும் சொல்கிறேன், போட்டோ வேண்டாம், டைப் செய்தது வேண்டும்.

அடுத்தது தேர்வு நேரம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவும் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். "மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று ஆசிரியர் அறையிலேயே கேட்பார்கள். நாம் சோதிப்பது காஸ்டிங்கையா, வாசிக்கிற வேகத்தையா? 2021-இல் நீட் எழுதிய, எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தர மறுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பெல்லாம் இட ஒதுக்கீட்டுக்குத்தான், இந்த மாதிரி வசதிகளுக்கு அதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நேரம் ஆகிறதென்று கை காட்டுகிறார்கள். ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதுபவர், அதைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். கூடுதல் நேரத்துக்கான மனுவைக் கல்லூரியில் சேர்ந்த உடனேயே கொடுங்கள், ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாதீர்கள். வணக்கம்.