தலைகீழாய்ப் பாயுறானா, விழுறானா? 470 வருசத்துக்கு முந்தின ஓவியத்துக்குள்ள ஒரு பயங்கரம்

[திரையில்: ஓவியம் முழுதாக]

நடுவானத்தில ஒருத்தன் தலைகீழா வாறான். கையில வாளும் கேடயமும். கீழ கடல் மிருகம் ஒண்டு வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. இப்ப சொல்லுங்கோ, இதில ஆபத்தில இருக்கிறது ஆர்?

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில இருந்து கதைக்கிறன். கதையைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். கிரேக்கப் புராணம். கடல்தேவதைகளைவிட நான் வடிவு எண்டு தாய் பெருமை பேசினா, தண்டனை மகளுக்கு வந்தது. அண்ட்ரோமெடாவைப் பாறையில சங்கிலியால கட்டி மிருகத்துக்கு இரையா விட்டாச்சு. பறந்து வந்த வீரன் பெர்சியஸ் மீட்டான், படத்தில தலைகீழா வாறவன் அவன்தான். இந்த ஓவியம் வெனிஸ் ஓவியர் டிஷியன் 1554–1556 காலத்தில ஸ்பெயினின்ர அரசர் இரண்டாம் பிலிப்புக்காக வரைஞ்சது. இப்ப லண்டனில வாலஸ் கலெக்‌ஷன் எண்ட அருங்காட்சியகத்தில இருக்கு.

[திரையில்: பெர்சியஸின் உடல், கிட்டத்தில்]

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். எங்கட கஜேந்திர மோட்சப் படத்தை இதுக்குப் பக்கத்தில வையுங்கோ. தாமரைக் குளம், யானை, காலைக் கவ்வின முதலை. வன்னிப் பிள்ளையளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மூண்டும் எங்கட ஊரிலயே இருக்கு. யானை தாமரையைத் தூக்கி ‘ஆதிமூலமே’ எண்டு கூப்பிட, திருமால் கருடன்மேல வந்து சக்கரத்தை விடுறார். ஒரு நிபந்தனையும் இல்லை. படத்தில அவர் நிமிர்ந்து இருப்பார், முகத்தில பதட்டமே இராது. பயம் யானைக்கு மட்டும்தான், பார்க்கிற எங்களுக்கு இல்லை.

டிஷியன் அந்த நிம்மதியைத் தரேல்லை. அவர் எடுத்துக்கொண்ட கதை ரோமக் கவிஞர் ஓவிட் எழுதினது. அதில பெர்சியஸ் முதல்ல பெட்டையின்ர தாய் தகப்பனிட்டப் போய், ‘காப்பாத்தினா எனக்குக் கட்டித் தருவியளோ?’ எண்டு கேக்கிறான். மிருகம் கடலைக் கிழிச்சுக்கொண்டு வருகுது, இவன் சம்மந்தம் பேசுறான்! அவை ஓம் எண்ட பிறகுதான் பாயுறான். எனக்கு அந்த இடம் இண்டைக்கும் பிடிக்காது.

ஆனா ஓவியத்தைப் பாருங்கோ. கால் மேல, தலை கீழ, பிடிக்க ஒரு கொப்புக்கூட இல்லை. இந்த நிலையில ஆர் பேரம் பேசுவான்? பேரம் பேசின மாப்பிள்ளையை டிஷியன் ஓரமாத் தள்ளிப்போட்டு, உயிரைப் பணயம் வைச்ச பெடியனை மட்டும் எங்களுக்குக் காட்டுறார் எண்டுதான் நான் பார்க்கிறன். ஓவிட்டிலயே அதுக்கு ஒரு விதை இருக்கு. அண்ட்ரோமெடாவைக் கண்ட திகைப்பில அவன் சிறகடிக்கவே மறக்கப் பார்த்தானாம்.

இன்னொரு விசயம். ஓவிட் வேற ஒரு கவிதையில அண்ட்ரோமெடாவைக் கறுப்பி எண்டுதான் சொல்லுறார், எத்தியோப்பிய இளவரசிதானே. டிஷியன் பால் வெள்ளையா வரைஞ்சிட்டார். அதுக்கே தனி வீடியோ வேணும்.

உங்கட ஊர்க் கோயில் சுவரில கஜேந்திர மோட்சம் கிடந்தா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. முக்கியமா அதில திருமால் நிமிர்ந்து இருக்கிறாரா, பாயுறாரா எண்டதைக் கீழ எழுதுங்கோ. பாயுற திருமாலை ஆரும் கண்டிருந்தா எனக்குக் கட்டாயம் பார்க்கவேணும்.