ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி: சின்ன பட்ஜெட்ல ஹெட்போன் செட்டப்பை மேம்படுத்துவோம்

[திரையில்: மேஜை மேல போன், பக்கத்துல தேய்ஞ்சுபோன இயர் பேடோட ஒரு ஹெட்போன்]

வீட்ல ஒரு ஹெட்போன் இருக்கு. பாட்டு இன்னும் நல்லா கேட்கணும், ஆனா கையில பெரிய தொகை இல்லை. இந்த நிலைமையில நிறைய பேர் முதல்ல தேடுறது டாக், அதாவது டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலா மாத்துற கருவி; இல்லைன்னா ஆம்ப், அந்த சிக்னலைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தர்ற கருவி. நான் அதைக் கடைசியில வைக்கச் சொல்வேன். காசுக்கு அதிக வித்தியாசம் கிடைக்கிறது காதுக்குப் பக்கத்துல இருக்கிற பாகங்கள்லதான்.

உங்களுது மூடின வகை, அதாவது க்ளோஸ்டு பேக் ஹெட்போனா? இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க. பேஸ் நல்லா இருக்கிற ஒரு பாட்டை ஓடவிட்டு, ரெண்டு கப்பையும் விரலால லேசா காதுப் பக்கம் அழுத்துங்க.

[திரையில்: கப்பை அழுத்தும் விரல்கள், க்ளோசப்]

பேஸ் சட்டுனு கூடுதா? அப்போ பேட் சரியா உட்காரலை, இடுக்கு வழியா காத்து கசியுது. காத்து கசிஞ்சா முதல்ல போறது பேஸ்தான். பேட் அமுங்கித் தட்டையாகியிருக்கலாம், மேல் தோல் உரிஞ்சிருக்கலாம். கண்ணாடி போடுறவங்களுக்கு அந்தக் கண்ணாடிக் காம்பே இடுக்கு விட்டுடும். புது பேட் வாங்கும்போது உங்க மாடலுக்கே செஞ்சதா, பழைய அளவு, அதே துணி அல்லது தோல்தானான்னு பாருங்க. லெதரை எடுத்துட்டு வெல்வெட் மாதிரி துணி பேட் போட்டா பேஸ் குறையலாம். பேடோட தடிமன் மாறினா டிரைவருக்கும் (கப்புக்குள்ள சவுண்டை உண்டாக்குற பாகம்) காதுக்கும் உள்ள தூரமும் மாறும், சவுண்டும் மாறும்.

அடுத்தது ஈக்வலைசர், அதாவது பேஸ், ட்ரெபிள் மாதிரி ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற ஆப். இதுக்கு செலவே இல்லை. விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டுல வேவ்லெட். உங்க மாடலை யாராவது அளந்து வெச்சிருந்தா, அதுக்கான திருத்தம் ஆட்டோஈக்யூங்கிற ஆன்லைன் தொகுப்புல ரெடியா கிடைக்கும். அதை அப்படியே போடுங்க, அப்புறம் உங்க காதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கங்க. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது.

[திரையில்: ப்ரீஆம்ப் ஸ்லைடர் −6 டெசிபெலுக்கு இறங்குது]

பேஸை 6 டெசிபெல் ஏத்தினா, ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசர்ல இருக்கிற மொத்த சத்த அளவை, 6 டெசிபெல் இறக்கணும். இல்லைன்னா உச்சத்துல சிக்னல் வெட்டுப்பட்டு கரகரக்கும்.

இவ்வளவுக்கு அப்புறமும் திருப்தி இல்லைன்னா, காசைப் புது ஹெட்போன்ல போடுங்க. அமைதியான அறையில தனியா கேட்கிறீங்கன்னா ஓபன் பேக், அதாவது கப்போட பின்பக்கம் திறந்திருக்கிற வகை, நல்ல தேர்வு, சவுண்ட் விசாலமா இருக்கும். ஆனா உள்ள ஓடுற பாட்டு பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேட்கும், அறை இரைச்சல் உங்க காதுக்கும் வரும். ஃபேன் ஓடுற அறைன்னா க்ளோஸ்டு பேக்தான் என் ஓட்டு.

இப்போ ஆம்ப். 300 ஓம் ஹெட்போன்னதும் பெரிய ஆம்ப் வேணும்னு பயப்படுறாங்க. ஓம்ங்கிறது ஹெட்போனோட மின்தடை (இம்பீடன்ஸ்). அதை மட்டும் பார்த்தா போதாது, சென்சிடிவிட்டியும், அதாவது குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்கு எவ்வளவு சத்தம் வருதுன்னும் பார்க்கணும். சென்ஹைசர் எச்டி 600ஐ எடுத்துக்கங்க. 300 ஓம்தான், ஆனா கம்பெனி கணக்குப்படி 1 வோல்ட்டுக்கு 97 டெசிபெல். அந்த 1 வோல்ட்டை போன்ல செருகி ஹெட்போனை மாட்டுற சில சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளே தருது. பெரும்பாலான பாட்டுக்கு அது போதும். மெல்லிசா தொடங்கி உச்சத்துக்குப் போற ஆர்கெஸ்ட்ரா இசையை சத்தமா கேட்கிறவங்களுக்குத்தான் பத்தாம போகலாம். சென்சிடிவிட்டி குறைஞ்ச ப்ளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து சவுண்ட் தர்ற வகை) ஹெட்போன்களுக்கும் ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படும்.

ஆம்ப் வாங்குறதுன்னா அதோட அவுட்புட் இம்பீடன்ஸை, அதாவது ஆம்ப் பக்கத்து மின்தடையைப் பாருங்க. ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும்னு ஒரு வழக்கம் உண்டு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குக் கீழ.

கடையில ரெண்டு கருவியை ஒப்பிட்டுக் கேட்டா, முதல்ல ரெண்டோட வால்யூமையும் சமமாக்குங்க. கொஞ்சம் சத்தம் கூடினதே நம்ம காதுக்கு 'தெளிவா இருக்கு, பஞ்ச் இருக்கு'ன்னு தோணும். டெஸ்ட் டோனை ஓடவிட்டு மல்டிமீட்டர்ல வோல்ட்டேஜை அளந்து சமமாக்கினா ரொம்பத் துல்லியம். அது முடியலைன்னா, மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டு, ஒண்ணு சத்தமா தெரியாத வரைக்கும் சரிபண்ணுங்க. அதுக்கப்புறமும் வித்தியாசம் தெரிஞ்சா தாராளமா வாங்குங்க. தெரியலைன்னா டாங்கிளோட நிறுத்திக்கங்க, மிச்சக் காசு நல்ல ஹெட்போனுக்குப் போகட்டும்.