சங்கு ஊதும் ஊரிலிருந்து ஒரு வாத்தியக் குழு

வணக்கம் நேயர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷமாக மைக் செட் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் பேசுவதற்கு மைக் கட்டிக் கொடுத்தே பழகியவன். அதன் முன்னால் நானே உட்காருவது இதுதான் முதல் தடவை. பிடித்த இசைக் குழு ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் கேட்டபோது, ஏதாவது நாகஸ்வர செட்டைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் சொல்லப்போவது, அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்த, இன்றைக்கு ஸ்லோவேனியா என்கிற நாட்டில் ஒரு நிலக்கரி ஊரில் பிறந்த குழுவைப் பற்றி. பெயர் லைபாக்.

அந்த ஊரின் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். டிர்போவ்லியே என்று வைத்துக்கொள்வோம். 'ட'வையே முதலில் வர விடாத நம் இலக்கணம் இதற்கு என்ன சொல்லுமோ! இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுக்கமான பள்ளத்தாக்கு. 1804லிருந்தே அங்கே சுரங்க வேலை நடந்திருக்கிறது. அனல்மின் நிலையத்துப் புகை மலையைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காக, 1970களில் 360 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்டினார்கள். ஐரோப்பாவிலேயே உயரமானது. சிதம்பரம் கோபுரத்தை எட்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த இடத்தில் காது நீளும். அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். ஒரு வித்தியாசம்: அவர்கள் பூமிக்குள் இறங்கி வெட்டினார்கள், நாம் மேலிருந்து மண்ணைச் சுரண்டி எடுக்கிறோம். என் அப்பா நெய்வேலி முதல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தவர். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு பெல்ட் மைல் கணக்கில் ஓடும். அதற்கு அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள். அதில் ஒன்றில் பேரிங் போய்விட்டால் கீச்சென்று ஒரு சத்தம் சீராக வந்துகொண்டே இருக்கும். அப்பா சைக்கிளில் போகிற போக்கிலேயே, எந்த ரோலர் என்று கைநீட்டிக் காட்டுவாராம். இது அவரே சொன்ன கதை, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

அம்மா வீடு புதுச்சேரி முதலியார்பேட்டை. கோடை விடுமுறைக்குப் போனால் ரோடியர் மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். பாருங்கள், ஆலையில் ஊதுவது நீராவிக் குழல். அதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் சங்கு. கோயிலில் ஊதுவதற்கும் சாவுக்கு ஊதுவதற்கும் இருந்த பெயரை எடுத்து மில்லுக்கும் கொடுத்துவிட்டார்கள். இயந்திரத்தின் சத்தத்தை இசைக்காரர்கள் கவனிக்கிறதுக்கு முன்னாலேயே, அதற்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அதை வாத்தியக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேல்நாட்டில் இதற்கு 'இண்டஸ்ட்ரியல்' இசை என்று பெயர் வந்தது 1970களின் நடுவில், இங்கிலாந்தில். பெர்லினில் ஒரு குழு இரும்புத் தகட்டையும் துளைபோடும் இயந்திரத்தையும் மேடையேற்றியது. லண்டன் குழு ஒன்று, 1984ல் வேலைநிறுத்தத்தில் இருந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டே போட்டது. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த பத்து நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

லைபாக் தொடங்கியது 1980 ஜூன் 1. அந்த ஊருக்கு அது சாதாரணத் தேதி இல்லை. 1924ல் அதே ஜூன் 1ஆம் தேதி, சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தேசியவாத அமைப்பு ஒன்றின் ஆட்களுக்கும் அங்கே மோதல் நடந்து, இரண்டு பக்கமும் உயிர் போனது. புதுச்சேரிக்காரர்களுக்கு 1936 ஜூலை 30 என்றால் என்ன நாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. எட்டு மணி நேர வேலை கேட்ட மில் தொழிலாளர்களில் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள்.

குழுவின் பெயரே முதல் வம்பு. லைபாக் என்பது தலைநகர் லுப்லியானாவின் ஜெர்மன் பெயர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் படை ஆண்ட நினைவு ஆறாத ஊரில், அந்தப் பெயரைச் சுவரொட்டியில் அச்சடித்து ஒட்டினார்கள். சொந்த ஊரில் நடத்த இருந்த முதல் நிகழ்ச்சியே தடையாகிவிட்டது. 1982ல் ஒரு விழா மேடையில் பாடகரின் முகத்தில் பாட்டில் வந்து விழுந்தது. ரத்தம் வழிய, அசையாமல் நின்று பாடினார். அந்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்துபோனார்.

அடுத்த வருஷம் தொலைக்காட்சிப் பேட்டி. ராணுவ மாதிரிச் சீருடையில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, எழுதி வைத்த பதில்களை ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார்கள். கேள்வி கேட்டவரே பொறுக்க முடியாமல், இவர்களை யாராவது தடுத்து நிறுத்த வேண்டும் என்கிற தோரணையில் பேசினார். அதற்கப்புறம் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே தடை, 1987 வரைக்கும். 1985ல் சொந்த நாட்டில் வெளியான இசைத்தட்டில் குழுவின் பெயர் கிடையாது.

அப்படி என்னதான் செய்தார்கள்? இதை ஒரு மைக் செட்காரன் சொன்னால்தான் விளங்கும். ஒரு பொதுக்கூட்டத்துக்குத் தெரு நெடுக இருபது குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். தலைவர் "தோழர்களே" என்றால் பக்கத்துக் குழாய் முதலில் சொல்லும். தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் காற்றில் தாமதமாக வந்து, "ளே, ளே" என்று அவருடைய அடுத்த சொல்லின் மேலேயே விழும். நடுத்தெருவில் நின்றால் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் உடம்பு தானாக விறைத்துக்கொள்ளும். அன்றைக்கு நடுவில் மைக் வேறு ஊளையிட்டது. அதையும் சேர்த்தே கை தட்டினார்கள். லைபாக் எடுத்துக்கொண்டது அந்த விறைப்பைத்தான். அரசாங்கத்தை ஏசாமல், கிண்டலும் பண்ணாமல், அதிகாரத்தின் குரலை அதிகாரத்தைவிடச் சத்தமாகப் பேசிக் காட்டினார்கள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

1987ல், ஆஸ்திரியக் குழு ஒன்றின் ஜாலியான பாட்டை எடுத்து, தாளத்தைக் கனமாக்கி, அடிவயிற்றுக் குரலில் பாடினார்கள். குடித்துக் கும்மாளமடிக்கிற பாட்டு அப்படியே படை நடையாகிவிட்டது. கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது, ஏனென்றால் நம் ஊரிலும் கூட்டம் சேர்க்க நான் போடுகிற பாட்டு பல அந்த வகைதான். 1990 டிசம்பரில், பத்தாம் ஆண்டுக்கு, சொந்த ஊர் அனல்மின் நிலையத்திலேயே வாசித்தார்கள். 2015ல் வட கொரியத் தலைநகரில் மேடையேறினார்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு. இவர்கள் போடுகிற சீருடையை நிஜமாகவே ரசிப்பவனும் அதே கூட்டத்தில் நின்று கை தட்டுவான். அவனையும் என்னையும் எப்படிப் பிரிப்பது? அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வதில்லை. பிற்காலத்து இசைத்தட்டுகள் சிலதில் மெருகு ஏறிவிட்டது, கரி வாசனை போய்விட்டது.

இந்தப் பாட்டெல்லாம் எனக்கு வந்தது அக்கா மகன் கொடுத்த பென் டிரைவில். "மாமா, புது பாஸ் பாக்ஸ் வாங்கியிருக்கீங்களே, இதைப் போட்டுப் பாருங்க" என்றான். பழைய பதிவு ஒன்று. அடியில் ஒரே சீராக உருளும் சத்தம், மேலே கீச், கீச். வாசல் திண்ணையில் அப்பா. சுரங்கத்தை விட்ட பிறகு காது மந்தம், பேசினால் பாதி கேட்காது. எழுந்து உள்ளே வந்தார், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"பெல்ட் நல்லாத்தான் ஓடுது. ஒரு ரோலர் போயிருக்குடா, மாத்தச் சொல்லு" என்றார்.

நன்றி, வணக்கம்.